மட்டக்களப்பு வெக்கையில் ஒரு குட்டி முருகைத் தொட்டி: எந்த அளவு, எந்தத் தண்ணி, எந்த உயிர்?

மேசையில் வைக்கிற அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல்தண்ணி, நாலைந்து முருகைத் (கடற்பவளத்) துண்டு, ஒரு குட்டி இறால். இதற்கு ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது “எத்தனை லீற்றர்த் தொட்டி வாங்கலாம்?” என்றுதான். நுவரெலியாவில் இருப்பவர் அந்தக் கேள்வியோடு தொடங்கலாம். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் இருக்கிற நாங்கள் அதற்கு முதல் வேறொன்றைத் தீர்மானிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில் அந்தத் தண்ணியை எதைக் கொண்டு குளிராக வைத்திருக்கப் போகிறோம்? இதற்கு விடை தெரிந்தால் தொட்டியின் அளவும், வாங்கவேண்டிய உப்பும், உள்ளே விடவேண்டிய உயிரும் பெரும்பாலும் அதோடேயே முடிவாகிவிடும். அதனால் இந்த ஒப்பீடு வெக்கையிலிருந்து தொடங்குகிறது.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் 24 முதல் 26 பாகை என்று எழுதியிருக்கும். அவர்கள் குளிருக்கு ஹீற்றர் போடுகிறவர்கள். இலங்கையைச் சுற்றியுள்ள கடலின் மேற்பரப்பு வருடம் முழுக்க ஏறத்தாழ 26க்கும் 30க்கும் இடையில் நிற்கிறது. முருகை வளர்வது அதில்தான். 25ஐத் துரத்துவது காசைக் கரைக்கிற வேலை. 27 அல்லது 28 பாகையில் ஆடாமல் அசையாமல் நிற்கிற தொட்டி நமக்குப் போதும். 30ஐத் தொட்டால் அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். முருகையின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கிக் கொடுக்கிறது. வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி, அது சில கிழமை நீடித்தாலே அந்தப் பாசி வெளியேறிவிடும், முருகை வெளுத்துப் போகும். பாசிக்குடாவில் 1998இல் அப்படித்தான் ஆனது, 2016இல் மறுபடியும் வெளுத்தது. அத்தனை பெரிய கடலால் தாங்க முடியாததை மேசைத் தொட்டி ஒரு பின்னேரத்திலேயே சந்திக்கும்.

விசிறியா, ஐஸா, சில்லரா?

மலிவானது விசிறி. தண்ணி மேற்பரப்பின் குறுக்கே காற்று ஓடினால் தண்ணி ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணி குளிர்வதும் இதே கணக்குத்தான். இந்தக் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வைப்பது காற்றிலுள்ள ஈரம். அந்த இடத்தில் நம்மட ஊர்க் காற்று ஒரு வேடிக்கை காட்டுகிறது.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது வெளியில் நிற்கவே முடியாது. 34 பாகை இருக்கும், ஆனால் காற்று வறண்டது. ஈரப்பதம் 50 வீதம் என்று வைத்தால் ஆவியாதலால் எட்டக்கூடிய ஆகக்குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 25½ பாகை. விசிறி அந்த எல்லைவரை ஒருநாளும் கொண்டுபோகாது, ஆனாலும் 28க்கு இறக்குவதற்கு இடம் இருக்கிறது. ஆக நாங்கள் திட்டித் தீர்க்கிற கச்சான்தான் தொட்டிக்காரனுக்குக் கைகொடுக்கிற காற்று. வாடை பெயர்ந்த மார்கழியில் காற்று முழுக்க ஈரம், விசிறி சரியாக வேலை செய்யாது. ஆனால் அறையே 26, 27இல் இருப்பதால் கவலையும் இல்லை. உண்மையான ஆபத்து காற்றே இல்லாத சித்திரைப் புழுக்கம். 32 பாகை, 75 வீத ஈரம் என்றால் அந்த எல்லை 28க்கே வந்துவிடும். விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் தண்ணி 29க்குக் கீழே இறங்கத் தயங்கும். ஐப்பசி மழைக்கு முந்திய கிழமைகளிலும் இதே புழுக்கம் வரும்.

அந்த நாட்களுக்குத்தான் ஐஸ் போத்தல். அரை லீற்றர் தண்ணியைப் போத்தலோடு உறையவைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டால், அது உருகி 28 பாகைக்கு வருமளவும் ஏறத்தாழ 225 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். 40 லீற்றர்த் தொட்டியை அது கிட்டத்தட்ட ஒன்றரைப் பாகை இறக்கும், நல்லது. அதே போத்தலை 10 லீற்றர்த் தொட்டியில் போட்டால் ஐந்தரைப் பாகைவரை இறக்கிவிடும். முருகைக்கு அது வெக்கையைவிடக் கெட்ட அடி. சின்னத் தொட்டி என்றால் ஐஸும் சின்னதாக, யோகட் கப் அளவில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற குடும்பத்தில் இது நடக்காது.

தண்ணியைக் குளிராக்கும் இயந்திரமான சில்லர் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது அரை உண்மை. கம்ப்ரசர் வைத்த சிறிய சில்லர் 150 வாட் இழுத்து, நாளின் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும் மாதம் 50 யூனிட்டுக்கு மேல் கூடும். மின்கட்டணத்தில் படி ஏறினால் யூனிட்டின் விலையும் ஏறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். யூஎஸ்பி விசிறிக்கு மாதம் இரண்டு, மூன்று யூனிட். சில்லர் தண்ணியிலிருந்து எடுத்த வெப்பத்தை அதே அறைக்குள்தான் கொட்டும். ஜன்னல் சாத்திய சின்ன அறையில் ஆள் இருக்க முடியாது. இடையில் பெல்டியர் வகை (மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிரும் தகடு வைத்த) குட்டிக் குளிர்விப்பான்களும் விற்பனைக்கு வருகின்றன. இழுக்கிற மின்சாரத்துக்கு ஏற்ற குளிர் அவற்றில் கிடைக்காது. நான் அவற்றைப் பட்டியலிலிருந்தே வெட்டிவிடுவேன்.

ஏசி அறையில் வைத்தால்? பகல் முழுக்க ஏசி ஓடும் அலுவலகம் என்றால் யோசிக்கலாம். வீட்டில் இரவு பத்து மணிக்குப் போட்டு விடிய நிறுத்துகிற ஏசி என்றால் அந்த அறையே வேண்டாம். இரவு 25, பகல் 30 என்று தினமும் ஏறி இறங்குவதைவிட 28½இல் ஒரே நிலையாக நிற்பது முருகைக்கு நல்லது.

என் தெரிவு: திறந்த வாய்த் தொட்டி, விசிறி, புழுக்க நாட்களுக்கு ஃபிறிஜ்ஜில் தயாராக நாலு போத்தல். கண்ணாடி மூடி வேண்டாம், அது வெக்கையை உள்ளே பூட்டிவைக்கும். மீன் துள்ளாமலிருக்க நுளம்பு வலைத் துணியைச் சட்டத்தில் கட்டி மேலே போட்டால் போதும்.

10, 40, 100

விசிறி என்று முடிவானதும் அளவுக் கேள்வி தானாகவே கூர்மையாகிவிடுகிறது. விசிறி ஆவியாக்குவது தண்ணியை மட்டும். உப்பு உள்ளேயே தங்கிவிடும். கடல்தண்ணியில் ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு. 22 செ.மீ. கனசதுரமான 10 லீற்றர்த் தொட்டியிலிருந்து ஒரு நாளில் 300 மி.லீ. ஆவியாகிவிட்டால் 35 என்பது 36 ஆகும். இரண்டு நாள் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் 37ஐத் தாண்டிவிடும். 45க்கு 30க்கு 30 செ.மீ. தொட்டி 40 லீற்றர் பிடிக்கும். அதில் ஒரு நாளில் 800 மி.லீ. போனாலும் 35.7தான். தொட்டி சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு லீற்றருக்கும் உரிய மேற்பரப்பு கூடுவதுதான் காரணம்: இந்தப் பத்து லீற்றரில் லீற்றருக்கு 48 சதுர செ.மீ., நாற்பதில் 33.

10 லீற்றர்த் தொட்டிக்கும் நல்ல பக்கம் உண்டு. இடம் வேண்டாம், கல் ஒரு கிலோ போதும், ஒரு வாளியோடு தண்ணி மாற்றி முடித்துவிடலாம். ஏதாவது பிழைத்தால் பாதித் தண்ணியை அப்படியே மாற்றி மீட்டெடுக்கவும் முடியும். பெரிய தொட்டியில் அது நடக்காது. வீட்டிலேயே இருந்து, காலையும் மாலையும் நீர்மட்டக் கோடு பார்த்து நன்னீர் ஊற்றுகிற பொறுமை உள்ளவருக்கு இது ஏற்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நான் தயங்காமல் 10 லீற்றரைச் சொல்வேன். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கேட்டால் சொல்ல மாட்டேன்.

100 லீற்றர் வெக்கையை மெதுவாக வாங்கி மெதுவாக விடும், அது அதன் பலம். ஆனால் கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 130 கிலோவைத் தாண்டும். கணினி வைக்கிற பலகை மேசை தாங்காது, இரும்புத் தாங்கி அடிக்க வேண்டும். ஐஸ் போத்தல் அதற்குக் காணாது, சில்லர் இல்லாத சித்திரையில் வெறும் விசிறியை மட்டும் நம்ப வேண்டும். கிழமைக்கு 10 லீற்றர் உப்புத்தண்ணி கலக்க வேண்டும். அதைக் குட்டித் தொட்டி என்று சொல்லவும் முடியாது.

40 லீற்றரிலிருந்து 60 லீற்றர்வரை இருக்கிற இடைவெளிதான் நமக்கு வாய்ப்பானது. விசிறியின் ஆவியாதலைத் தாங்கும், ஒரு போத்தல் ஐஸுக்குக் கட்டுப்படும், ஆள் இரண்டு பேர் சேர்ந்தால் வெற்றுத் தொட்டியைத் தூக்கி இடம் மாற்றவும் முடியும். ஆவியான தண்ணியை ஈடுசெய்யத் தானியங்கி மிதவைக் கருவிகள் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டால் மருந்துக்கடையில் வாங்கிய புதுச் சேலைன் குழாயை உயரத்தில் ஒரு நன்னீர்ப் போத்தலோடு பொருத்தி, சொட்டின் வேகத்தைத் திருகி வைக்கலாம். போத்தலில் ஒரு நாளுக்குரிய தண்ணியை மட்டுமே வையுங்கள். ஐந்து லீற்றர் கேனை மாட்டிவிட்டு ஊருக்குப் போனால், திருகு கழன்ற அன்று உப்பு 31க்கு இறங்கிவிடும்.

ஊற்றுவது எப்போதும் நன்னீர்தான் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். “தண்ணி குறைஞ்சிருந்திச்சு, மகன் கலக்கி வச்ச உப்புத்தண்ணியத்தான் ஊத்தினேன்” என்று அம்மா அன்போடு சொல்கிற நாள் வராமல் இருக்கட்டும்.

கடல் பக்கத்தில் இருக்க உப்பை ஏன் வாங்க வேண்டும்?

நியாயமான கேள்வி. கல்லடியில் வீட்டிலிருந்து நடந்தால் கடல். ஒலுவில், கல்முனைக்காரருக்கும் அப்படியே. ஒரு கேனைக் கொண்டுபோய் அள்ளி வந்தால் முடிந்தது என்று தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். 40 லீற்றர்த் தொட்டியில் கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணி மாற்றுவது வழமை. நாலு லீற்றருக்கு முருகைத் தொட்டி உப்பு ஏறத்தாழ 150 கிராம், வருடத்துக்கு எட்டுக் கிலோ. கடல்தண்ணி அள்ளுவதால் மிச்சமாவது அந்த எட்டுக் கிலோவின் விலை மட்டும். அதற்காக என்னென்ன ஆபத்தை வீட்டுக்குள் கூட்டிவருகிறோம்?

மாரியில் நம் கிழக்குக் கரை வேறு கடலாகிவிடும். ஆறும் குளமும் நிரம்பி, களப்பின் முகத்துவாரம் திறந்து, பாலமீன்மடுப் பக்கமெல்லாம் கலங்கல் ஓடும். கரைத்தண்ணியின் உப்பு குறையும், வயல் உரமும் ஊர்க் கழிவும் அதோடு சேர்ந்து வரும். கார்த்திகையிலிருந்து மாசிவரை கரையில் அள்ளும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். வெயில் காலத்திலும் முகத்துவாரம், வாழைச்சேனை வாவி வாய், நகரத்து வடிகான் விழும் இடம், இறால் பண்ணை, படகு கட்டுமிடம் எல்லாவற்றையும் விட்டுத் தள்ளிப் போக வேண்டும். டீசல் படலம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும்.

அள்ளத்தான் வேண்டுமென்றால் கரையில் அள்ளாதீர்கள். வெளிக்கடலுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

“அண்ணன், நாளைக்கு வெளியால போகக்குள்ள இந்தக் கேன்ல தண்ணி அள்ளிற்று வாறீங்களா?”

“என்ன தம்பி, மீனை விட்டுப்போட்டுத் தண்ணிக்குச் சொல்றீங்க?”

சிரிப்பார்கள், ஆனால் கொண்டுவந்து தருவார்கள். கேன் உணவுத்தரமான புதியதாக இருக்கட்டும். எண்ணெய்க் கேனைக் கழுவிக் கொடுக்க வேண்டாம். வந்த தண்ணியை மெல்லிய துணியில் வடித்து, மூடிய பீப்பாயில் இருட்டில், காற்றுப் பம்ப் ஓடவிட்டு இரண்டு கிழமை வைத்துப் பிறகு உப்பளவு பார்க்க வேண்டும். மிதவை உப்புமானியை நம்பாதீர்கள். ஒளி முறிவைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ரக்டோமீற்றர் ஒன்று இந்தப் பொழுதுபோக்கில் விசிறிக்கு அடுத்த அவசியப் பொருள்.

100 லீற்றர் வைக்கிறவருக்கு வருடம் 19 கிலோ உப்பு என்று வரும்போது இத்தனை பாடும் பெறுமதியானதாக இருக்கலாம். 40 லீற்றருக்குக் கீழே, என் தீர்ப்பு பைக்கற்று உப்புக்குத்தான். ரெட் ஸீ, இன்ஸ்டன்ட் ஓஷன் போன்றவை எதுவானாலும், ஒன்றைப் பிடித்து அதோடேயே நில்லுங்கள். ஆனையிறவு உப்பைக் கரைத்தால் ஆகாதா என்றும் கேட்பார்கள். ஆகாது. உப்பளத்தில் சோடியம் குளோரைட் படிந்த பிறகு மிஞ்சும் கைப்பு நீரிலேயே மக்னீசியம் பெரும்பகுதி போய்விடுகிறது. கல்சியம் அதற்கு முன்னமே தனியாகப் படிந்துவிடும். முருகைக்கு லீற்றருக்கு 400 முதல் 450 மி.கி. கல்சியமும் 1250 முதல் 1350 மி.கி. மக்னீசியமும் வேண்டும், கறியுப்பில் அது இல்லை.

உப்பைக் கரைக்கிற நன்னீரில்தான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். கல்லடி, காத்தான்குடி எல்லாம் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய மணல்திட்டு. கிணறு ஆழமில்லை, மலக்குழியும் தூரமில்லை. மணலில் நைத்திரேற்று இலகுவாக இறங்கிக் கிணற்றுக்கு வரும். அந்தத் தண்ணியில் முதல் மாதமே பாசிக் காடு வளரும். உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிற குழாய்த் தண்ணியில் குளோரின் இருக்கிறது, அதை நீக்கினாலும் கரைந்த தாதுக்கள் இருக்கும். ஊரெல்லாம் இருக்கிற ஆர்ஓ (நுண்சவ்வில் அழுத்தி வடித்த) தண்ணிக் கடைதான் நமக்கு வசதி. ஆனால் சில கடைகள் ருசிக்காகத் தாது கலக்கும் அல்லது கொஞ்சம் குழாய்த் தண்ணியைச் சேர்க்கும். கரைந்த தாதுக்களை அளக்கும் டிடிஎஸ் மீற்றர் ஒன்றை முக்கிப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தைத் தாண்டிப் பெரிய எண் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணி சுத்தம்தானே என்று சேகரிக்கிறவர்களும் உண்டு. அது செப்புக் குழாயில் ஒடுங்கிச் சொட்டும் தண்ணி. செம்பு மீனுக்குக் கொஞ்சம் பொறுக்கும். இறாலுக்கும் நத்தைக்கும் முருகைக்கும் நஞ்சு.

பாசிக்குடாக் கரையில் கிடக்கிற கல்

இது தெரிவே அல்ல, ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது. பாசிக்குடா, கல்குடாக் கரையில் அலை ஒதுக்கிய முருகைத் துண்டுகள் வெள்ளையாகக் கிடக்கும். சும்மா கிடக்கிற கல்தானே, தொட்டிக்கு எடுத்தால் என்ன என்று கை நீளும். எடுக்காதீர்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் முருகைக்கல் அகழ்வைத் தடுக்கின்றன; சுண்ணாம்புச் சூளைக்காக நம் கரையில் உடைத்தெடுத்த கொடுமைதான் அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. உயிருள்ள கல்முருகைகளை, அதாவது சுண்ணாம்புக் கூடு கட்டும் வகைகளை, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. காயங்கேணி முருகைப் பகுதி 2019இல் கடல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. கல்முருகைகள் எல்லாம், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். விற்பவரிடம் துண்டு எங்கிருந்து வந்தது, பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். “நம்ம கடல்ல எடுத்தது, நல்லாத் தாக்குப்பிடிக்கும்” என்று பெருமையாகச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஏற்கனவே தொட்டி வைத்திருக்கிற ஒருவர் தன் மென்முருகையை (கல் கூடு கட்டாத வகையை) வெட்டிப் பிரித்துக் கொடுக்கிற துண்டுதான் எல்லாவற்றிலும் நல்லது. கடலுக்கும் நட்டமில்லை, தொட்டித் தண்ணிக்கும் அது பழகியிருக்கும்.

கல்லுக்குப் பதில் சுட்ட களிமண் போன்ற செயற்கைக் கல் வாங்கலாம். நுண்ணுயிர் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். கழிவிலிருந்து வரும் நஞ்சுகளான அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமாகும்வரை உள்ளே ஒன்றும் வேண்டாம். மணல் கட்டாயமில்லை; நான் வெறும் தரைக்கே ஆதரவு, சுத்தம் செய்ய இலகு. கதிரவெளிப் பக்கத்துக் கறுப்பு மணல் அழகாக இருக்குமே என்று ஒருவர் கேட்டார். அது இல்மனைற். கண்ணாடி தேய்க்கிற காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியையே கீறிவிடும்.

எந்த முருகை

முருகையை மூன்றாகப் பிரித்துப் பேசுவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம்: மென்முருகை, பெரிய வாய்க் கல்முருகை, சின்ன வாய்க் கல்முருகை. படங்களில் நம்மை மயக்குகிற அக்ரோபோரா மூன்றாவது வகை. அதற்குக் கடும் ஒளி வேண்டும், கல்சியமும் காரத்தன்மையும் நாளுக்கு நாள் மாறாமல் நிற்க வேண்டும், வெக்கை கொஞ்சம் கூடினாலும் முதலில் வெளுப்பது அதுதான். 1998இல் நம் கடலில் வாரிப்போனதும் பெரும்பாலும் அந்தக் கிளை முருகைகளே. விசிறியில் ஓடுகிற 40 லீற்றருக்கு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

யூஃபிலியா போன்ற பெரிய வாய் வகை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரவில் நீளமான கொட்டும் இழைகளை நீட்டிப் பக்கத்திலுள்ளதைச் சுட்டுவிடும், ஆகவே சின்னத் தொட்டியில் அதைச் சுற்றி ஒரு சாண் வெற்றிடம் விட வேண்டும். அவ்வளவு இடத்தைக் கொடுத்தால் பிறகு என்ன மிச்சம்?

மென்முருகைதான் நமக்கு. டிஸ்கோசோமா என்கிற மஷ்ரூம் வகைக்குக் குறைந்த ஒளி போதும், தண்ணி கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் முகம் சுளிக்காது. கிரீன் ஸ்டார் பொலிப் பச்சைப் புல்தரை போலப் படரும். அதைத் தனிக் கல்லில் வைக்காவிட்டால் தொட்டி முழுவதையும் பிடித்துவிடும். ஸீனியா கைவிரலை மூடித் திறப்பதுபோலத் துடித்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் அதன் முன்னால்தான் நிற்பார்கள். அதுவும் களைபோலப் பெருகும். லெதர் முருகை அழகு, ஆனால் பக்கத்து முருகைகளை வளரவிடாத இரசாயனங்களைத் தண்ணியில் விடும். அதை வைத்தால் அவற்றை உறிஞ்சும் கரி நிரப்பிய பை ஒன்றும் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். இவை எல்லாவற்றுக்கும் 10 முதல் 20 வாட் எல்இடி, நாளுக்கு எட்டு மணித்தியாலம் போதும். தனியாகக் கல்சியம் ஊற்றத் தேவையில்லை. கிழமைத் தண்ணி மாற்றத்திலேயே வந்துவிடும்.

நிறத்துக்கு ஆசைப்பட்டால் சோவான்திட். சின்னச் சின்னப் பொத்தான் பூக்கள்போலக் கல்லை மூடி வளரும், வெக்கையையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் இதில் சிலவற்றில், முக்கியமாகப் பலித்தோவா வகையில், பலிடொக்சின் என்ற மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடவே வேண்டாம். இது வளர்ந்த கல்லை ஒருநாளும் சுடுதண்ணியில் கொதிக்க வைக்காதீர்கள், ஆவியை மூச்சில் எடுத்து முழுக் குடும்பமும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எங்கள் சமையலறைகளில் பானையைக் கழுவிச் சுடுதண்ணி ஊற்றுவது பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கைக்குழந்தை தவழ்கிற வீட்டில் நான் சோவான்திட்டைத் தவிர்த்துவிட்டு மஷ்ரூமோடு நிற்பேன்.

மீனைப் பற்றி அதிகம் இல்லை. 10 லீற்றரில் மீன் வேண்டாம். ஒரு செக்ஸி இறால், இரண்டு நத்தை, ஒரு துறவி நண்டு. 40 லீற்றரில் ஒரு சின்னக் கோபி மீன். 60க்குப் போனால் ஒசெலாரிஸ் கோமாளி மீன் சோடி ஒன்று. நம் கடலில் காண்கிற கிளார்க் கோமாளி மீன் 15 செ.மீ.வரை வளர்ந்து சண்டைக்கும் நிற்கும், குட்டித் தொட்டிக்கு ஆகாது.

கரண்ட் போனால்

2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. இப்போது அப்படி இல்லாவிட்டாலும் மாரிக் காற்றில் கம்பி அறுந்தால் ஓர் இரவு போகும். அப்போது முதலில் தட்டுப்படுவது ஒட்சிசன். முருகை ஓர் இரவு ஓட்டமில்லாமல் தாங்கும், மீன் தாங்காது. தண்ணி சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசனும் குறையும்.

விசிறியையும் காற்றுப் பம்பையும் யூஎஸ்பியில் ஓடுகிறவையாக வாங்கச் சொல்வது இதற்குத்தான். 20,000 மில்லியாம்பியர் பவர் பேங்க் ஒன்றில் ஏறத்தாழ 60 வாட்மணி பயன்படுத்தக் கிடைக்கும். விசிறிக்கு மூன்று வாட், பம்புக்கு ஒன்றரை என்று வைத்தால் 13 மணித்தியாலம் ஓடும். சில்லர் வைத்தவருக்கு இதே வசதி வேண்டுமென்றால் இன்வேட்டரும் பெரிய பற்றரியும் வேண்டும். விலைப்பட்டியலில் தெரியாத இந்தச் செலவுதான் என்னைச் சில்லருக்கு எதிராகத் தள்ளியது.

இன்னும் 10 லீற்றரா 40 லீற்றரா என்று மனம் ஆடுகிறதா? உப்பும் கல்லும் வாங்க முன்னர் தொட்டியை மட்டும் வாங்குங்கள். வைக்கப்போகிற இடத்திலேயே வைத்து, குழாய்த் தண்ணியை நிரப்பி, விளக்கையும் விசிறியையும் போட்டு, சித்திரையில் இரண்டு கிழமை ஓடவிடுங்கள். பின்னேரம் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் வெப்பநிலையைக் குறியுங்கள், ஆவியான தண்ணியை அளந்து ஊற்றுங்கள். மூன்று மணிக்கு 29ஐத் தாண்டாமல், இரண்டு நேரத்துக்கும் இடையில் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வராமல் இருந்தால் அந்த இடமும் அந்த அளவும் சரி. தாண்டினால் மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி வைத்து மறுபடி பாருங்கள். அப்படியும் இறங்காவிட்டால் அந்தத் தொட்டியில் நன்னீர் வளர்ப்பு மீன் இரண்டை விட்டுவிட்டு, முருகைக்கு 60 லீற்றர்த் தொட்டி ஒன்றுக்குச் சொல்லிவையுங்கள்.